மின்னோட்ட அலகும் நால்வகை அளவையும்

மின்பணி செய்வோர் ஒருவர் வீட்டுக்குடையாரை நோக்கிச் ‘சமையலறைக்குப் பதினைந்து ஆம்பியர் ஒன்றும், கூடத்திற்கு ஐந்து ஆம்பியர் இரண்டும் வைத்துவிடலாம்’ என்று கூறுகின்றார். கேட்டவர்க்குப் பொருள் ஐயமின்றி விளங்குகின்றது. ஆம்பியர் என்பது மின்னோட்டத்தை அளத்தற்குரிய அலகின் பெயர். ஆயின் அவர் சுவரிற் பதிக்கப்போவது அலகை அன்று. அத்துணை மின்னோட்டத்தைத் தாங்கவல்லதும் மக்கள் பிளக் பாயிண்ட் என வழங்குவதுமாகிய பொருளையே யாம். அளவின் பெயர் அளவினையுடைய பொருளுக்கு ஆகி வந்தமையின் இஃது அளவையாகுபெயர் என்பதில் தடையில்லை. ஆயினும், எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்னும் நால்வகை அளவையுள் இஃது எவ்வகைப்படும் என்று வினவின் விடை எளிதிற் கிடைப்பதன்று.

வகுப்பறையில் இவ்வினா எழும்போது இருவகை விடைகள் கூறப்படுகின்றன. ‘பதினைந்து’ என்னும் எண்ணுப்பெயர் முன்னிற்றலின் இஃது எண்ணலளவையாகுபெயர் என்பது ஒன்று. மின்னோட்டம் பண்டையோர் அறியாத பொருளாதலின் நால்வகையுள் அடங்காது. ஐந்தாவதாக ‘மின்னளவை’ என ஒன்றனைக் கூட்டிக் கொள்ளுதல் வேண்டும் என்பது மற்றொன்று. முன்னையது பொருந்தாமை வெளிப்படை. பதினைந்து கழஞ்சு, பதினைந்து நாழி, பதினைந்து முழம் என்பவற்றினும் எண்ணுப்பெயர் முன்னிற்கவே செய்கின்றது. அதுபற்றி அவற்றை எண்ணலளவை என்பார் யாரும் இலர். பின்னைய விடையே ஆராயத்தக்கது. அது நம் இலக்கணம் இக்காலப் பொருள்களுக்கு இடந்தராது என்னும் ஒரு கருத்தைத் தன்னுள் அடக்கியிருக்கின்றது. அக்கருத்துப் பிழையென்பதும், நால்வகை அளவை என்பது அளக்கப்படும் பொருளின் பாகுபாடன்று, அளக்குந் தொழிலின் பாகுபாடே என்பதும் இக்கட்டுரையாற் கூறப்படும்.

எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்னும் நான்கும் தொழிற்பெயர்கள். நன்னூலார் உம்மைத்தொகைக்கு இலக்கணம் கூறுமிடத்து இவற்றை இவ்வாறே தொழிற்பெயராக ஓதினாரேயன்றி, எண், எடை, கொள்ளளவு, நீளம் எனப் பொருட்பண்பின் பெயரால் ஓதினாரல்லர். நெல்லை முகத்தலும் ஆம், நிறுத்தலும் ஆம். தேங்காயை எண்ணி விற்கும் ஊரும் உண்டு, நிறுத்து விற்கும் ஊரும் உண்டு. பொருள் ஒன்றாக இருக்கத் தொழில் வேறுபடுதலின், வகை தொழில்பற்றியதே என்பது இவற்றாலேயே போதரும். ஆயினும், ஒரே பொருள் நான்கு தொழிலாலும் முறையே அளக்கப்பெற்ற வரலாறு கிடைக்குமாயின் இக்கொள்கை ஐயமற நிலைபெறும். மின்னோட்டத்தின் வரலாறு அத்தகையது.

வரலாற்றிற் புகுமுன் மின்னோட்டம் யாது என்பதனைச் சுருங்கக் கூறுதல் வேண்டும். கம்பியின் ஓரிடத்தை ஒரு வினாடியில் எத்துணை மின்னூட்டம் கடக்கின்றது என்பதே மின்னோட்டம். மின்னூட்டத்தின் அலகு கூலும். வினாடிக்கு ஒரு கூலும் கடப்பின் அவ்வோட்டம் ஓர் ஆம்பியர் எனப்படும். மதகின் வழியே ஒரு நாழிகையிற் பாயும் நீரின் அளவு போல்வது இது என்க. ஆதலின் காலம் இவ்வலகின் உள்ளேயே அடங்கிக் கிடக்கின்றது. இதனை நோக்காது ‘வினாடிக்கு ஐந்து ஆம்பியர்’ என எழுதுவார் காலத்தை இருமுறை கூறியவராவர். மின்கலத்தின் மீது பொறிக்கப்படும் ‘ஆம்பியர்-மணி’ என்பதோ ஓட்டத்தின் அளவன்று, மின்னூட்டத்தின் அளவாம். வீட்டுக் கட்டணச் சீட்டிற் காணும் ‘யூனிட்’ இவ்விரண்டும் அன்று. அது கிலோவாட்டு-மணி என்னும் ஆற்றலளவு. அலகு என்னும் பொதுப்பொருளையுடைய ஓர் ஆங்கிலச் சொல் நம் மக்கள் வழக்கில் ஒரே அலகின் சிறப்புப்பெயராகிவிட்டமை தனியே ஆராயத்தக்க சுவையான செய்தி.

1820ஆம் ஆண்டிற் கோபன்ஹேகன் நகரத்து ஓர்ஸ்டெட் என்பார், மின்னோட்டமுள்ள கம்பியின் அருகே காந்தவூசி திரும்புதலைக் கண்டு வெளியிட்டார். அச்செய்தி பாரிஸ் நகரத்தை எட்டிய சில கிழமைகளிலேயே ஆந்திரே மாரி ஆம்பியர், மின்னோட்டமுள்ள இரு கம்பிகள் தம்முள் ஈர்த்தலும் தள்ளுதலும் உடையன என்பதனை நிறுவினார். கட்புலனாகா ஓட்டம் ஒன்று கட்புலனாகும் விளைவைத் தருகின்றது என்னும் இவ்வறிவே அளத்தலுக்கு வாயிலாயிற்று.

முதற்கண் முகத்தல். நீரினுள் மின்னோட்டத்தைச் செலுத்தின் நீர் பிரிந்து வளிகள் தோன்றும். தோன்றும் வளியின் அளவு சென்ற மின்னூட்டத்திற்கு ஒத்தது என்பதனைப் பாரடே ஐயந்திரிபற விளக்கினார். அவர் 1834இல் விளக்கிய கருவியில், கோடிட்ட கண்ணாடிக் குழாய் ஒன்றனுள் வளியைத் திரட்டி அதன் கொள்ளளவைப் படித்தறிவர். அவர்க்குப்பின் உருசிய நாட்டிற் பணியாற்றிய யாக்கோபி, நீர் பிரிதலாலுண்டாகும் கலப்பு வளியை ஒரு நிமிடத்தில் ஒரு கன சென்டிமீட்டர் தோற்றுவிக்கும் ஓட்டத்தையே அலகாகக் கொள்ளலாம் என்றார். இன்றைய ஓர் ஆம்பியர் ஒரு நிமிடத்தில் ஏறத்தாழப் பத்தரைக் கன சென்டிமீட்டர் வளியைத் தரும். நாழியும் உழக்கும் கொண்டு நெல்லை அளந்தாற்போலக் குழாய்கொண்டு மின்னோட்டத்தை அளந்த இதனை முகத்தலளவை என்னாது வேறென் என்பது?

நீட்டலைப் பற்றி நெடிது கூறவேண்டுவதில்லை. காந்தவூசியின் திருப்பத்தைக் கொண்டு ஓட்டத்தை அளக்கும் கருவிகள் பல தோன்றின. அவற்றுள் வில்லியம் தாம்சன் 1858இல் அமைத்த கருவி, கடலடித் தந்திக் கம்பியின் நுண்ணிய ஓட்டத்தையும் காட்டவல்லது. ஊசியோடு பிணைத்த சிறு கண்ணாடி மீது ஒளி விழுந்து, எதிரே வைத்த அளவுகோலின் மேல் ஒரு புள்ளியாய் நகரும். புள்ளி நகர்ந்த தொலைவே ஓட்டத்தின் அளவு. கோல்வைத்து அளத்தலின் இது நீட்டலாயிற்று.

எடுத்தலே சட்டத்தின் மதிப்பைப் பெற்றது. இதனைச் சிறிது விரித்துரைத்தல் தகும். 1881இற் பாரிஸில் நிகழ்ந்த மின்னியலார் பேரவை ஆம்பியர், வோல்ட்டு, ஓம், கூலும், பாரட்டு என்னும் பெயர்களை ஏற்றது. அதற்குமுன் மின்னோட்ட அலகினை ‘வேபர்’ என வழங்கினாரும் உளர். அப்பெயர் பிற்காலத்திற் காந்தப் பாயத்தின் அலகுக்கு உரியதாயிற்று. பெயரை ஏற்றல் எளிது. எல்லா நாட்டாரும் ஒரே அளவினைத் தத்தம் ஆய்வுக்கூடத்தில் எடுத்துக்காட்டுதலே அரிது. 1893இற் சிக்காகோவிலும் 1908இல் இலண்டனிலும் கூடிய அவைகள் இதற்கு வெள்ளியைத் துணைக்கொண்டன. வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் மின்னோட்டத்தைச் செலுத்தின் ஒரு முனையில் வெள்ளி படியும். வினாடிக்கு 0.00111800 கிராம் வெள்ளியைப் படியச்செய்யும் மாறா ஓட்டமே அனைத்துலக ஆம்பியர் என 1908இல் வரையறுத்தனர். ஒரு மணி நேரம் ஓர் ஆம்பியர் பாயின் நான்கு கிராமிற்குச் சற்று மிகுதியான வெள்ளி கிடைக்கும். கழஞ்சினை ஐந்து கிராமிற்குச் சிறிது மேற்பட்டதாகக் கொள்ளின், இது முக்காற் கழஞ்சளவாகும். மின்னோட்டத்தைக் கழஞ்சாற் கூறுதல் நகைப்பிற்கிடமாகத் தோன்றலாம். ஆயின் நாற்பது ஆண்டுக்காலம் அறிவுலகம் செய்தது அதுவே. நிறைகல் மட்டுமே வேறு.

வெள்ளிப் படிவின் எடை, கரைசலின் தூய்மையாலும் கலத்தின் அமைப்பாலும் நுண்ணளவில் வேறுபட்டமையின் அறிஞர்க்கு மனநிறைவு உண்டாகவில்லை. ஆகவே ஆம்பியர் கண்ட அடிப்படை உண்மைக்கே மீண்டனர். வெற்றிடத்தில் ஒரு மீட்டர் இடைவெளியில் இணையாக நிற்கும் முடிவிலா நீளமுடைய மெல்லிய இரு கம்பிகளிற் பாய்ந்து, அவற்றிடையே மீட்டர் நீளத்திற்கு 2×10⁻⁷ நியூட்டன் விசையைத் தோற்றுவிக்கும் ஓட்டமே ஆம்பியர் என்னும் வரையறை 1948இல் நடைமுறைக்கு வந்தது. பழைய அனைத்துலக ஆம்பியர் புதியதனினும் பதினாயிரத்தில் ஒன்றரைப் பங்கு குறைந்திருந்தது. முடிவிலா நீளக் கம்பியை எவரும் அமைத்தல் இயலாது. மேலும், கூறிய விசை ஒரு மில்லிகிராமில் ஐம்பதில் ஒரு பங்கின் எடைக்கே ஒக்கும். அஃதாவது ஓர் அரிசியின் எடையில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு கூறு. எனவே கம்பியைப் பல சுற்றுச் சுருளாக்கித் துலாக்கோலின் தட்டிற்குக் கீழே தொங்கவிட்டு, சுருள்களிடை எழும் விசைக்கு எதிரே நிறைகல் இட்டு அளந்தனர். இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் 1908ஆம் ஆண்டிலேயே அயர்ட்டன், சோன்சு ஆகியோர் பெயரால் இத்தகைய துலாக்கோல் ஒன்று இயங்கிற்று. வரையறையில் நீளம் வரினும் செயலில் நிகழ்ந்தது நிறுத்தலே. வெள்ளியை விடுத்தும் துலாக்கோலை விடுக்கவில்லை.

எஞ்சியது எண்ணல். மின்னோட்டம் என்பது கம்பியினுள் எலக்ட்ரான்கள் செல்லும் செலவே என்பதும், ஒவ்வோர் எலக்ட்ரானும் மாறாத ஒரே மின்னூட்டம் உடையது என்பதும் முன்பே அறியப்பட்டவை. 2018 நவம்பரில் வெர்சேயில் கூடிய எடையளவைப் பொது மாநாடு அம்மின்னூட்டத்தின் அளவை 1.602176634×10⁻¹⁹ கூலும் எனப் பிழையின் சாயலும் இன்றி நிலைநிறுத்தியது. அம்முடிவு 2019 மே 20 முதல் நடைமுறையில் உள்ளது. இதன்படி ஓர் ஆம்பியர் என்பது ஓரிடத்தை ஒரு வினாடியில் ஏறத்தாழ 62,415 கோடி கோடி எலக்ட்ரான்களின் மின்னூட்டம் கடத்தலாம். எலக்ட்ரானை ஒவ்வொன்றாகத் தள்ளும் நுண்கருவிகளும் ஆய்வுக்கூடங்களில் உள. அவற்றாற் பெறப்படும் ஓட்டம் மிகச் சிறிது.

இங்ஙனம் ஒரே பொருள் முகத்தலும், நீட்டலும், எடுத்தலும், எண்ணலும் ஆகிய நான்கனாலும் அளக்கப்பெற்றமை காண்கின்றோம். பொருள்பற்றி வகை கொள்வோமாயின் மின்னோட்டம் நால்வகையினும் அகப்படாது நிற்கும். தொழில்பற்றிக் கொள்வோமாயின் நால்வகையினும் முற்ற அடங்கும். முகக்கப்பட்டது வளியேயன்றி மின்னோட்டம் அன்றே எனின், அற்றன்று; ஒன்றன் விளைவைக் கொண்டு அதனை அறிதல் எல்லா அளவைக்கும் பொது. துலாக்கோல் காட்டுவதும் தட்டின் தாழ்வையேயன்றிப் பொன்னின் கனத்தை நேரே அன்று.

தொல்காப்பிய எழுத்ததிகாரத்திற்கு உரைகண்டோர் இதனினும் நுட்பமாக நோக்கியிருக்கின்றனர். மாத்திரைக்கு அளவு கூறும் இடத்தில் அவர்கள் அளத்தலை ஏழாக விரிப்பர். நிறுத்தல், பெய்தல், தேங்க முகத்தல், நீட்டல், தெறித்தல், எண்ணல் என்பவற்றோடு சார்த்தியளத்தல் என்னும் ஒன்றும் அவற்றுட் படும். எழுத்தொலியைக் கண்ணிமையோடும் கைந்நொடியோடும் ஒப்பிட்டு அளத்தலின் மாத்திரை சார்த்தியளத்தல் என்பது அவர்தம் கருத்து. ஏழும் தொழிலாகவே பெயர் பெற்றுள்ளமை நம் கொள்கைக்கு அரண். அன்றியும், சார்த்தியளத்தல் என்னும் இது மின்னியலுக்கு மிகவும் பயன்படுவது. கடையில் வாங்கும் அம்மீட்டர் எதுவும் வளியை முகப்பதும் இல்லை, எலக்ட்ரானை எண்ணுவதும் இல்லை. அளவறிந்த ஓட்டம் ஒன்றனோடு சார்த்திக் கோடிடப்பட்டது அது. பேராய்வுக்கூடங்களிலும் இன்று பெரும்பாலும் நிகழ்வது, குவாண்ட விளைவுகளால் நிலைநாட்டிய வோல்ட்டையும் ஓமையும் கொண்டு ஓம் விதிவழி ஆம்பியரை வருவித்தலே. வரையறை எண்ணலாயினும் வழக்குச் சார்த்தலாம். நன்னூலின் நான்கோடு அமையாது உரைகாரர் வகுத்த ஏழனையும் நாம் கற்பித்து வந்திருப்போமாயின், ஐந்தாவது வகை தேடும் நிலை எழுந்திராது.

ஆகவே ‘பதினைந்து ஆம்பியர்’ என்பதற்கு விடை யாது? இன்றைய வரையறையை நோக்க எண்ணலளவையாகுபெயர் எனலே நேரிது. முன்னிற்கும் பதினைந்து அதற்குக் காரணம் அன்று. 1908ஆம் ஆண்டு வரையறையின் கீழ் இதே தொடர் எடுத்தலளவையாகுபெயராக இருந்திருக்கும். ஒரு தொடரின் இலக்கண வகை அதன் எழுத்தோ பொருளோ மாறாதிருக்கவும் வரையறையோடு மாறுதல் வியப்பே. இந்நிலையில், ஆகுபெயர்ச் சூத்திரத்தில் அளவை என்று பொதுப்பட ஓதி வகையை உரைக்கு விடுத்த நன்னூலாரின் முறையே தேர்வுத்தாளிலும் பின்பற்றத்தக்கது என்பது என் துணிபு.

இனி, அலகின் பெயராக ஆம்பியர் என்பது வருங்கால் அதுவும் ஆகுபெயரே. மக்கட்பெயர் அளவுக்கு ஆயிற்று. அவ்வளவின் பெயர் பின்னர்ச் சுவரிற் பதித்த பொருளுக்கு ஆயிற்று. எனவே மேற்காட்டிய தொடரில் வருவது இருமடியாகுபெயர். முதற்படியைக் கருத்தாவாகுபெயர் என்பர் சிலர். திருவள்ளுவரைப் படித்தான் என்றவழித் திருவள்ளுவர் நூலினைச் செய்த கருத்தா. ஆம்பியரோ இவ்வலகினைச் செய்தாரல்லர். அவர் 1836இல் மறைந்தார். பெயரிடப்பட்டது நாற்பத்தைந்து ஆண்டு கழித்து. இது செய்தமை பற்றியதன்று, சிறப்புச் செய்தல் பற்றியது. இத்தகைய வழக்கு தமிழுக்குப் புதிதும் அன்று. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளிற் பொன்னை நிறுத்த கல் ‘ஆடவல்லான்’ என்றும், மணிகளை நிறுத்த கல் ‘தட்சிணமேருவிடங்கன்’ என்றும் இறைவன் பெயராற் சுட்டப்படுகின்றன. ஆடவல்லான் என்னும் மரக்கால் உண்டு; அரசன் பெயரால் இராசகேசரி என்னும் மரக்காலும் உண்டு. அவற்றைச் செய்த கருத்தா இறைவனும் அல்லன், அரசனும் அல்லன். நன்னூற் சூத்திரம் கருத்தாவின் பின்னும் ‘முதலாயின’ என்னும் பொருள்படும் சொல்லைப் பெய்து முடிதலின், இச்சிறப்புப் பெயரீட்டினை அதன்கண் அடக்குதல் இயலும். ஆம்பியர்கள், வோல்ட்டுகள் எனக் கள் விகுதி கூட்டி எழுதுவது மட்டும் தவிர்க்கத்தக்கது. ஐந்து முழம், ஐந்து கழஞ்சு என ஒருமை வடிவே அளவுப்பெயர்க்கு மரபு. மின்பணியாளர் வாயினும் ‘ஐந்து ஆம்பியர்’ என்றே வருகின்றது.

இப்பெயர்களின் எழுத்துவடிவம் பற்றி ஒரு செய்தி எஞ்சி நிற்கின்றது. அளவுக்கும் நிறைக்கும் உரிய பெயர்கள் க, ச, த, ப, ந, ம, வ, அ, உ என்னும் ஒன்பது எழுத்துகளை முதலாக உடையன என்பது தொல்காப்பியம். கலம், சாடி, தூதை, பானை, நாழி, மண்டை, வட்டி, அகல், உழக்கு என உரையாசிரியர் காட்டுவர். இக்கால அலகுப்பெயர்களை இதனோடு வைத்துப் பார்த்தல் பயனுடைத்து. கூலும், பாரட்டு, நியூட்டன், மீட்டர், வாட்டு என்பன இவ்வெல்லையுள் அடங்கும். ஆம்பியரும் ஓமும் அடங்கா. இம்மி என்னும் பழைய சிற்றளவும் இவ்வொன்பதனுள் அடங்காமையின், ஒன்பது எழுத்தென்றது கண்ட வழக்கைத் தொகுத்ததேயன்றிப் பின்வருவதற்கு இட்ட வேலி அன்று என்று கொள்ளலாம். வோல்ட்டின் நிலை வேறு. வகரம் அளவுப்பெயர்க்கு முதலாகும் எனினும், வோ என்னும் உயிர்மெய் தமிழில் எச்சொற்கும் முதலாகாது. ஈழத்துப் பாடநூல்களில் இது ‘உவோற்று’ எனவும், வாட்டு ‘உவாற்று’ எனவும், ஆம்பியர் ‘அம்பியர்’ எனவும் வழங்குகின்றன. அவ்வடிவங்களை நம்மவர் சிலர் கேட்டு நகைப்பதுண்டு. ஆயின் அவை மொழிமுதல் மரபுக்கும் இயைந்து, அகர உகர முதலாய்த் தொல்காப்பியர் கூறிய ஒன்பதனுள்ளும் வந்து விழுகின்றன. வாட்டு என்பதற்கு வகரத்தோடு ஆகாரம் முதலாதல் மரபே ஆதலின் உகரம் வேண்டுவதன்று. வோல்ட்டிற்கு அது வேண்டும்.